இருபத்திரண்டு நிமிடத் தூரத்துக்கு ஏன் ஒரு மணி நேரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வரை நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 184 கிலோமீட்டர் வரும். அந்த வழியில் போகிற ஏ.டி.ஆர். 72 விமானம் முழு வேகத்தில் மணிக்கு 500 கிலோமீட்டருக்குச் சற்று மேலேயே பறக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் ஒன்றை இன்னொன்றால் வகுத்து, 22 நிமிடம் என்று சொல்லிவிடும். பயணச்சீட்டைப் பார்த்தாலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கும். மீதி 38 நிமிடம் எங்கே போயிற்று? பிள்ளையின் கணக்கில் தப்பில்லை, சீட்டில் போட்டிருப்பதும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பதை டீ குடித்தபடி நிதானமாகப் பார்ப்போம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. ஆனால் திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் மாத்தூர், அங்கேயே நம் மாவட்டம் தொடங்கிவிடும். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளை வழியனுப்ப நம் ஊர் வேன்கள் அந்த வாசலில்தான் போய் நிற்கின்றன. 2024 ஜனவரி 2 அன்று அங்கே புதிய முனையம் திறந்துவைக்கப்பட்டு, ஜூன் 11 முதல் இயங்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ நிறுவனம் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானத்தைத் தொடங்கியது.

பலாலிக்கு நீண்ட கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக அமைந்த ஓடுதளம் அது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையை நடத்தியபோது, கொழும்பு இரத்மலானையில் கிளம்பிய டகோட்டா விமானம் பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. பிறகு வந்த உள்நாட்டுப் போர் அந்த வானத்தை நெடுங்காலம் பூட்டி வைத்தது. 2019 அக்டோபர் 17 அன்று அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் அங்கே போய் இறங்கியது.

முதலில் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். பூமியின் மேல் எந்த இடத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: வடக்கு தெற்கைச் சொல்லும் அட்சரேகை, கிழக்கு மேற்கைச் சொல்லும் தீர்க்கரேகை. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது தரையில் ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகோட்டிகள் ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்து ‘இத்தனை நாட்டிக்கல் மைல்’ என்று சொல்கிறார்களே, அதே மைல்தான். விமானியும் அதைத்தான் பயன்படுத்துகிறார்.

இதை வைத்து நாமே கணக்குப் போடலாம். பலாலி திருச்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 58 நாட்டிக்கல் மைல், கிழக்கே ஏறத்தாழ 80 நாட்டிக்கல் மைல். பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். 58-ஐ வர்க்கம் செய்தால் 3,364. 80-ஐ வர்க்கம் செய்தால் 6,400. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99-ஐ ஒட்டி வரும். 99 நாட்டிக்கல் மைலைக் கிலோமீட்டராக மாற்றினால் 184-ஐத் தொடும். பூமி உருண்டை என்பதால் நெடுந்தூரப் பயணங்களுக்கு வளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவ்வளவு சிறிய தூரத்தில் வளைவால் வரும் வித்தியாசம் மிகச் சொற்பம்.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள். திருச்சியிலிருந்து தென்கிழக்காக இறங்கி, கந்தர்வகோட்டைப் பக்கமாகவும் கறம்பக்குடிப் பக்கமாகவும் நம் மாவட்டத்துக்குள் வந்து, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே போய், மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே எங்கேயோ கடலைத் தொடும். அதன்பிறகு பாக் நீரிணை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் பலாலி. ஏறக்குறையப் பாதி நிலம், பாதி கடல்.

இது ஸ்கேல் போட்ட கோடு. விமானம் அப்படியே அந்தக் கோட்டில் போவதில்லை. வானத்திலும் வழிகள் வகுத்து வைத்திருக்கிறார்கள், வழியில் பெயரிட்ட புள்ளிகள் உண்டு. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது; 2020 ஜனவரியிலிருந்து சுகோய் 30 படைப்பிரிவு ஒன்று அங்கே இயங்குகிறது. இப்படிப்பட்ட தளங்களின் வான்வெளியையும் பயணிகள் விமானம் கவனத்தில் கொள்ள வேண்டும். கடலுக்கு மேலே ஓரிடத்தில் சென்னை வான் கட்டுப்பாட்டின் பொறுப்பு முடிந்து கொழும்பின் பொறுப்பு தொடங்கும். இந்த ஏற்பாடுகளால் பறக்கிற தூரம் கோட்டின் தூரத்தைவிட எப்போதும் கொஞ்சம் கூடும்.

வரைபடத் தூரமும் பறந்த தூரமும் எவ்வளவு விலக முடியும் என்பதை நம் மாவட்டத்துக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து 141 பயணிகளோடு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானது. நெடுந்தூரத்துக்கான எரிபொருள் நிரம்பியிருந்ததால் உடனே இறங்க முடியாத எடை. எரிபொருளைத் தீர்ப்பதற்காக இரண்டரை மணி நேரம் வானத்திலேயே வட்டமிட்டு, பிறகு திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. கிளம்பிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் இடையே வரைபடத் தூரம் பூஜ்யம்.

இனி நேரம். இங்கேதான் நாம் எல்லோரும் தவறிவிடுகிறோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்பது சரியான சூத்திரம். எந்த வேகத்தால் வகுக்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. 500 கிலோமீட்டர் என்று நாம் எடுத்துக்கொண்டது, விமானம் உயரே ஏறி முடித்து, மட்டமாக, ஒரே சீராகப் பறக்கும்போது எட்டுகிற வேகம். அந்த வேகத்தை அது வாசலில் கிளம்பும்போதே எட்டிவிடுவதாகவும், அடுத்த வாசல் வரை அதிலேயே போவதாகவும் மனசுக்குள் வைத்துக்கொண்டு வகுக்கிறோம்.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் திருச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பஸ் பின்னுக்கு வந்து, திரும்பி, வாசலில் நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, திருக்கோகர்ணம் தாண்டும் வரை மெதுவாகத்தான் போகும். அதற்கப்புறம் கீரனூர்ச் சாலையில் காற்று முகத்தில் அடிக்க ஓடும். திருச்சிக்குள் நுழைந்ததும் டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் மறுபடி ஊர்ந்து ஊர்ந்து போகும். நடுச்சாலை வேகத்தை வைத்துப் பயண நேரத்தைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கிளம்புகிற மெதுவும் சேர்கிற மெதுவும் கீரனூர் போனாலும் உண்டு, சென்னை போனாலும் உண்டு. சென்னைக்குப் போகும்போது அது பெரிதாகத் தெரியாது. கீரனூருக்குப் போகும்போது பாதிப் பயணமே அதுதான். விமானத்துக்கும் இதுதான் கதை. இனி அதன் மெதுவை ஒவ்வொன்றாக எண்ணுவோம்.

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் என்று போட்டிருப்பது விமானம் தரையை விட்டு எழும்புகிற நேரமல்ல. நின்ற இடத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து, விமானம் நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரம் என்பதும் சக்கரம் தரையைத் தொடுகிற நேரமல்ல. அடுத்த ஊரில் போய் நின்று, மறுபடி கட்டை வைக்கிற நேரம். கட்டை எடுத்ததிலிருந்து கட்டை வைப்பது வரையிலான இந்த நேரத்துக்கு விமானத் தொழிலில் பிளாக் டைம் என்று பெயர். சீட்டில் நாம் பார்க்கிற ஒரு மணி நேரம் அதுதான்.

கட்டை எடுத்த பிறகு விமானம் ஓடுதளத்தின் முனைக்குத் தரையிலேயே உருண்டு போக வேண்டும். எந்த முனைக்கு என்பதைக் காற்று தீர்மானிக்கும். காற்றை எதிர்த்து ஓடினால்தான் இறக்கைக்குச் சீக்கிரம் தூக்கு கிடைக்கும். திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் முனைகளுக்கு 09, 27 என்று எண்கள்; திசைமானியில் 90 பாகை, 270 பாகை என்பதன் சுருக்கம். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும்போது யாழ்ப்பாண விமானமும் மேற்கு பார்த்துத்தான் எழும்ப வேண்டியிருக்கும். போக வேண்டியது தென்கிழக்கு. எழும்பிய பிறகு சுற்றித் திரும்பி வர வேண்டும். சிறு நிலையங்கள் சிலவற்றில் ஓடுதளத்துக்கு இணையாகத் தனிப் பாதை முழு நீளத்துக்கு இருக்காது. அங்கே விமானம் ஓடுதளத்தின் மேலேயே முனைவரை உருண்டு, அங்கே திரும்பி நின்று, பிறகு ஓடத் தொடங்கும். இதற்கெல்லாம் எட்டு, பத்து நிமிடம் ஆகிவிடும்.

எழும்பியதும் ஏறுமுகம். ஏ.டி.ஆர். என்பது புரொப்பல்லர் சுழல்கிற விமானம். உள்ளே இருப்பது ஜெட் வகை எஞ்சின்தான், ஆனால் அதன் வலு பெரும்பாலும் வெளியே சுழலும் ஆறு இதழ்களுக்குப் போகிறது. ஏறும்போது எஞ்சினின் வலு உயரத்துக்குச் செலவாவதால் முன்னேறும் வேகம் குறைவு, மணிக்கு 350 கிலோமீட்டரை ஒட்டி. 15,000 அடிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்கே பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடமும், சுமார் 40 நாட்டிக்கல் மைல் தூரமும் தீர்ந்துவிடும். மொத்தமே 99 மைல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கறம்பக்குடிப் பக்கத்தில் நிற்கிற ஒருவர் அண்ணாந்து பார்த்தால், அவர் பார்ப்பது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிற விமானம்.

அடுத்து இறங்குமுகம். இதற்கு விமானிகளிடம் மனக்கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு ஆயிரம் அடி இறங்கவும் மூன்று நாட்டிக்கல் மைல் தூரம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும், பயணிகளுக்குக் காதும் வலிக்கும். 15,000 அடியிலிருந்து இறங்க 45 மைல் வேண்டும் என்று ஆகிறது. ஏறுவதற்கு 40, இறங்குவதற்கு 45, கூட்டினால் 85. 99-இல் 85 போனால் மீதி 14 மைல். மட்டமாக, முழு வேகத்தில் பறப்பதற்கு இந்தப் பயணத்தில் கிடைப்பது அவ்வளவுதான். நேரத்தில் சொன்னால் சுமார் மூன்று நிமிடம்.

நாம் வகுப்பதற்கு எடுத்துக்கொண்ட 500 கிலோமீட்டர் வேகம் இந்த மூன்று நிமிடத்துக்குச் சொந்தமானது. அதை 184 கிலோமீட்டருக்கும் விரித்துப் போட்டதால்தான் 22 நிமிடம் வந்தது. கரையைத் தாண்டுவதற்குச் சற்று முன்பு விமானம் உச்சியைத் தொடும். பணிப்பெண் தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். பாக் நீரிணையின் பெரும்பகுதியை அது இறங்கியபடியேதான் கடக்கிறது.

இறங்கும் பகுதியிலும் கடைசிப் பத்து நிமிடம் தனி. ஓடுதளத்துக்கு நேராக வந்து நிற்க ஒரு வளையம் போட வேண்டியிருக்கும். சக்கரத்தை இறக்க வேண்டும், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கிற மடக்குப் பலகைகளை விரிக்க வேண்டும். வேகம் படிப்படியாகக் குறைந்து, தரையைத் தொடும் சமயத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிடும். முன்னால் வேறொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருக்கவும் வேண்டும். தொட்ட பிறகு உருண்டு போய் நிற்க ஐந்து நிமிடம்.

இவற்றுக்கு மேல் விமான நிறுவனம் கொஞ்சம் கை இருப்பும் வைக்கிறது. காற்று எதிர்த்தாலும், ஓடுதளத்தில் வரிசை இருந்தாலும், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே. இந்தியாவில் குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் இயங்கினால் நேரத்துக்கு இயங்கியதாகக் கணக்கு. சில நாள் விமானம் சொன்னதைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நிற்பதன் காரணம் இந்தக் கை இருப்புதான். விமானி அன்றைக்கு வேகமாக ஓட்டினார் என்று எண்ண வேண்டாம்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். தரையில் உருண்டு போக 8 முதல் 10 நிமிடம், ஏற 13, மட்டமாக 3, இறங்கி நேராகத் திரும்பித் தரையைத் தொட 17 அல்லது 18, உருண்டு போய் நிற்க 5, கை இருப்பு 8 முதல் 10. ஒரு மணி நேரத்தை ஒட்டி வந்துவிட்டது. நாள்தோறும் இந்த எண்கள் கூடும், குறையும். ஆனால் காணாமல் போன 38 நிமிடம் எந்தெந்தப் பையில் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிட்டது.

இந்தப் பைகளில் பெரும்பாலானவை தூரத்தைப் பொறுத்தவை அல்ல. யாழ்ப்பாணம் போனாலும் சிங்கப்பூர் போனாலும் உருள வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும். எனவே நமக்கு ஓர் எளிய கணக்கு கிடைக்கிறது: தூரத்தை வேகத்தால் வகுத்து வருகிற நேரத்தோடு அரை மணி முதல் நாற்பது நிமிடம் வரை சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 354 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நேர் தெற்கு. 500-ஆல் வகுத்தால் 42 நிமிடம். அதோடு முப்பத்தைந்து சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏ.டி.ஆர். விமானத்துக்கு அந்த வழியில் போடுகிற நேரமும் அதை ஒட்டித்தான். திருச்சியிலிருந்து போவதைவிடத் தூரம் ஏறக்குறைய இரு மடங்கு, நேரம் கூடியதோ கால் மணியும் கொஞ்சமும்.

திருச்சி சிங்கப்பூர் வழியில் போட்டுப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது யாழ்ப்பாணத்தைப் போலப் பதினாறு மடங்கு. அங்கே போகிற ஏர்பஸ் அல்லது போயிங் ஜெட் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கும். வகுத்தால் 3 மணி 36 நிமிடம். அரை மணிக்குச் சற்று மேல் சேர்த்தால் நான்கு மணி பத்து நிமிடம் போல வரும். பதினாறு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம். சின்ன பயணத்தில் கிளம்புவதும் சேர்வதும் நேரத்தைத் தின்கின்றன, பெரிய பயணத்தில்தான் வேகம் தன் வேலையைக் காட்டுகிறது.

அப்படியானால் யாழ்ப்பாணத்துக்கும் வேகமான ஜெட்டையே விடலாமே என்று தோன்றும். மட்டமாகப் பறப்பதே மூன்று நிமிடம்தான் என்றால் ஜெட் அதில் எவ்வளவு மிச்சம் பிடித்துவிடும்? 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. ஐந்தாறு நிமிடம் மிச்சமானால் பெரிது. அதற்காக எரிபொருளை அள்ளிக் கொட்ட வேண்டும். குறைந்த உயரத்தில், மிதமான வேகத்தில், குறைந்த நீள ஓடுதளத்தில் சிக்கனமாக ஓடுவது புரொப்பல்லர் விமானம்தான். எழுபத்தெட்டு பேரோடு அது இந்த வழிக்குச் சரியாகப் பொருந்துகிறது.

கடிகாரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரத்தில், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரத்தில். இலங்கைக் கடிகாரம் 2006 ஏப்ரலிலிருந்து நம் கடிகாரத்தோடு ஒன்றிப்போகிறது, ஆகவே யாழ்ப்பாணச் சீட்டில் அப்படியே கழித்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. காலை பத்து மணிக்குக் கிளம்புகிற விமானம் மாலை 4.40-க்குச் சேரும் என்று போட்டிருந்தால், ஆறு மணி நாற்பது நிமிடப் பயணம் என்று வீட்டில் அம்மா கவலைப்பட வேண்டாம். இரண்டரையைக் கழித்தால் நான்கு மணி பத்து நிமிடம்தான். திரும்பி வரும்போது அதே பயணம் சீட்டில் ஒன்றரை மணி நேரத்துச் சொச்சமாகத் தெரியும். நெடுந்தூர வழிகளில் காற்றும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று ஓடுகிறது. 1958-இல் அதை ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் கிழக்கே போகிற விமானத்துக்கு அது எதிர்க்காற்று, திரும்பி வருகிற விமானத்துக்குத் துணைக்காற்று.

இனி வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுவோம். புதுக்கோட்டையிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். விமானத்தில் ஒரு மணி. பலாலியில் குடிவரவு, சுங்கம், பெட்டி என்று முக்கால் மணி. அங்கிருந்து யாழ்ப்பாணம் நகருக்கு அரை மணிக்கு மேல். ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஆறு மணி நேரத்தில் விமானம் தன் முழு வேகத்தில் பறந்தது மூன்றே நிமிடம். இந்தப் பயணத்தைச் சுருக்க வேண்டுமென்றால் வானத்தில் செய்ய அதிகமில்லை. சாலை, சோதனை வரிசை, முத்திரை குத்தும் மேசை, பெட்டி வரும் பட்டை ஆகிய இடங்களில்தான் நேரத்தை மிச்சப்படுத்த முடியும்.

மத்திய அரசின் உடான் திட்டம் சிறு ஊர்களை விமானத்தால் இணைக்க வந்தது. அதன் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே பறந்தது. அந்தத் திட்டம் வகுக்கப்பட்டபோது சாதாரண விமானங்களுக்கு 200 முதல் 800 கிலோமீட்டர் வரையிலான வழிகளையே பொதுவாகக் குறி வைத்தார்கள். அந்தக் கீழ் எல்லையின் நியாயம் இப்போது நமக்கே புரிகிறது. நல்ல சாலை இருக்கிற 184 கிலோமீட்டரை காரும் பஸ்ஸும் நாலு மணி நேரத்தில் முடித்துவிடும். அங்கே விமானம் போட்டியிடவே முடியாது.

திருச்சி யாழ்ப்பாணம் வழிக்கு அந்தக் கணக்கு பொருந்தாமல் போவதற்குக் காரணம், நடுவே கிடக்கிற கடல். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் மறுபடி ஓடிய நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பலுக்குக் கடலில் மட்டும் சுமார் நான்கு மணி நேரம். திருச்சி விமானம் வருவதற்கு முன்பு நம் ஊர்க்காரர் வான்வழியாக யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் வடக்கே சென்னைக்கு ஓர் இரவு ரயிலேறிப் போய், அங்கிருந்து தெற்கே பறந்து வர வேண்டும். அந்த விமானம் கோடியக்கரைக்கு அப்பால், நம் கடலை ஒட்டித்தான் கீழே இறங்கி வரும். இல்லையென்றால் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து 400 கிலோமீட்டர் வடக்கே தரைவழியாக ஏற வேண்டும். அந்தச் சுற்றை ஒழித்ததுதான் இந்தச் சின்ன விமானத்தின் பெரிய உதவி. அதன் வேகம் இதில் இரண்டாம்பட்சம்.

ஆகவே இனி எந்த ஊருக்கு விமானம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாலும், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வேகம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். வீட்டிலிருந்து அந்த நிலையத்துக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு முன்னதாகப் போய் நிற்க வேண்டும், வாரத்தில் எத்தனை நாள் விமானம் உண்டு, தவறினால் அடுத்தது எப்போது, அந்த விமானம் இல்லாவிட்டால் எந்தச் சுற்றைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். நம் பக்கத்தில் புதிதாக ஒரு விமான நிலையம் வேண்டுமா என்ற பேச்சு எழும் நாளிலும் இந்தக் கேள்விகளோடு போய் உட்கார்ந்தால், வருகிறவர்கள் நமக்குச் சரியான பதிலைச் சொல்லியே ஆக வேண்டும்.